லிசே மைட்னர்: பெயர் விடுபட்டுப்போன அணு விஞ்ஞானி

ஜேர்மனியின் மியூனிக் நகரிலுள்ள டொய்ச்சஸ் மியூசியம் என்ற அருங்காட்சியகத்தில் ஒரு பழைய மரமேசை வைக்கப்பட்டிருக்கிறது. அதன் மேல் மின்கலங்கள், கம்பிகள், கதிர்களை எண்ணும் கருவிகள், ஒரு மெழுகுக் கட்டி. 1938ஆம் ஆண்டின் இறுதியில் யுரேனியத்தின் அணுக்கரு பிளவுபடுவதைக் கண்டறியப் பயன்பட்ட உபகரணங்கள் அவை. பல தசாப்தங்களாக அந்த மேசை ஒட்டோ ஹானின் ஆய்வு மேசை என்றே பார்வையாளர்களுக்கு அறிமுகப்படுத்தப்பட்டு வந்தது. ஹான் ஓர் இரசாயனவியலாளர். ஆனால் மேசையில் இருப்பவற்றுள் பெரும்பாலானவை பௌதிகவியல் கருவிகள். அந்த நிறுவனத்தின் பௌதிகவியல் பிரிவை இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடத்தியவர் ஒரு பெண். அவருடைய பெயர் அந்த அறிமுகத்தில் இருக்கவில்லை.

பெண் விஞ்ஞானி ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள் என்று வகுப்பில் கேட்டால், எல்லாக் கைகளும் மேரி கியூரிக்காகவே உயர்கின்றன. இரண்டாவது பெயரைக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த இரண்டாவது இடத்துக்கு நான் சொல்ல விரும்பும் பெயர் லிசே மைட்னர்.

அவர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இன்றைய சூழலில் எமது தளமொன்றில் அவரைப் பற்றி எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். பிறப்பின் காரணமாக ஒரு மனிதரின் தொழில், வீடு, நாடு, பெயர் ஆகியவற்றை ஓர் அரசு பறிப்பது அநீதி என்றால், அது யாருக்கு நடந்தாலும் அநீதிதான். அந்தக் கதையைக் கேட்க, பாதிக்கப்பட்டவர் எந்த வம்சம் என்று பார்க்க வேண்டியதில்லை.

மைட்னர் 1878இல் வியன்னாவில், எட்டுப் பிள்ளைகளில் மூன்றாமவராகப் பிறந்தார். தந்தை பிலிப் ஒரு சட்டத்தரணி. அக்காலத்து வியன்னாவில் பெண் பிள்ளைகளின் பாடசாலைக் கல்வி 14 வயதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் கணிதமோ விஞ்ஞானமோ பெண்களுக்குக் கிடையாது. பல்கலைக்கழகக் கதவு 1897இல்தான் பெண்களுக்குத் திறந்தது. மகளுக்குப் பௌதிகவியலில் ஆர்வம் இருப்பதைத் தந்தை அறிந்திருந்தார். ஆனாலும் முதலில் ஆசிரியத் தகைமை ஒன்றைப் பெற்றுக்கொள் என்றார். அப்படியே அவர் பிரெஞ்சு மொழி ஆசிரியைக்கான தகைமையைப் பெற்றார். பெண் பிள்ளைக்கு ரீச்சர் வேலைதான் பாதுகாப்பு என்ற இந்த ஆலோசனை நமது வீடுகளுக்கும் புதிதல்ல. நானும் அதைக் கேட்டு வளர்ந்தவர்களுள் ஒருத்திதான். ஆனால் அந்தத் தந்தை அத்தோடு நிற்கவில்லை. மகள் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சைக்குத் தயாராவதற்குத் தனியார் வகுப்புச் செலவையும் அவரே ஏற்றார். பல வருடப் பாடங்களை ஏறத்தாழ இரண்டு வருடங்களில் படித்து முடிக்க வேண்டியிருந்தது. 1901இல் அப்பரீட்சைக்குத் தோற்றிய 14 பெண்களில் நால்வர்தான் சித்தியடைந்தனர். மைட்னர் அவர்களில் ஒருவர். அப்போது அவருக்கு 22 வயது.

பல்கலைக்கழகத்தில் அவருக்கு வாய்த்த ஆசான் லுட்விக் போல்ட்ஸ்மான். அணு என்ற ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா என்று பெரிய அறிஞர்களே சந்தேகப்பட்ட காலத்தில், இருக்கிறது என்று வாதாடியவர் அவர். அந்த விரிவுரைகளில் கிடைத்த ஆர்வம் மைட்னரை வாழ்நாள் முழுவதும் விட்டுப் போகவில்லை. 1906இல் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டில் போல்ட்ஸ்மான் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு மைட்னர் மக்ஸ் பிளாங்கிடம் படிப்பதற்காக பேர்லினுக்குப் புறப்பட்டார். ஓரிரு தவணைகள் மட்டும் அங்கே தங்குவதாக எண்ணம். தங்கியதோ 31 வருடங்கள்.

பேர்லினில்தான் ஒட்டோ ஹானைச் சந்தித்தார். இருவரும் ஏறத்தாழ ஒரே வயதினர். கதிரியக்கத்தை ஆராய ஹானுக்கு ஒரு பௌதிகவியலாளர் தேவைப்பட்டார். மைட்னருக்கு ஓர் ஆய்வுகூடம் தேவைப்பட்டது. ஆனால் ஹான் பணியாற்றிய இரசாயன நிறுவகத்தின் தலைவர் எமில் பிஷர் பெண்களை உள்ளே விடுவதில்லை. கடைசியில் ஒரு சமரசம் செய்தார்கள். கட்டடத்தின் அடித்தளத்தில் தச்சுப்பட்டறையாக இருந்த ஓர் அறை இருந்தது. அதற்குத் தனி வாசல் உண்டு. அந்த அறைக்குள் மட்டும் அவர் வேலை செய்யலாம். மேல்மாடியில் ஆண்கள் வேலை செய்யும் ஆய்வுகூடங்களுக்கு அவர் போகக்கூடாது. கட்டடத்தில் பெண்களுக்கு மலசலகூடம் இல்லாததால், தெருவிலுள்ள ஓர் உணவகத்துக்குத்தான் போய்வர வேண்டியிருந்தது. கலாநிதிப் பட்டம் பெற்ற ஒருவரின் நிலை இது. சம்பளமும் கிடையாது. வியன்னாவிலிருந்து தந்தை அனுப்பிய சிறு தொகையில் காலம் ஓடியது.

மேலதிக வருமானத்துக்காக விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதினார். அவற்றைப் படித்த ஒரு கலைக்களஞ்சிய ஆசிரியர், திரு. மைட்னரிடம் ஒரு கட்டுரை வாங்கலாம் என்று முகவரி கேட்டார். அது திரு அல்ல, செல்வி என்று தெரிந்ததும் கட்டுரை வேண்டாம் என்றுவிட்டார். 1908இல் ரதர்போர்ட் பேர்லினுக்கு வந்தபோது, இதுவரை ஆய்வுக் கட்டுரைகளில் படித்துவந்த மைட்னர் ஒரு பெண் என்பதை அறிந்து வியந்துபோனார். அந்த வருகையின்போது ரதர்போர்டும் ஹானும் பௌதிகவியல் பேசினார்கள். மைட்னர் திருமதி ரதர்போர்டுடன் கடைத்தெருவுக்கு அனுப்பப்பட்டார். இதையெல்லாம் அவர் பிற்காலத்தில் கசப்பின்றியே நினைவுகூர்ந்திருக்கிறார். எனக்கு அந்தப் பொறுமை வந்திருக்குமா தெரியவில்லை.

1912இல் பேர்லினின் டாலெம் பகுதியில் கைசர் வில்ஹெல்ம் இரசாயன நிறுவகம் திறக்கப்பட்டது. ஹான் சம்பளத்தோடு சேர்ந்தார். மைட்னர் சம்பளமில்லாத விருந்தினராகச் சேர்ந்தார். அதே ஆண்டில் பிளாங்க் அவரைத் தன் உதவியாளராக நியமித்தார். 34 வயதை நெருங்கும்போதுதான் அவர் தன் முதல் சம்பளத்தைக் கண்டார்.

முதலாம் உலகப் போரில் ஹான் நச்சுவாயுப் படைப்பிரிவில் பணியாற்றினார். மைட்னர் ஒஸ்திரிய இராணுவ வைத்தியசாலைகளில் எக்ஸ்-கதிர்ப் பிரிவில் தாதியாகச் சேர்ந்து, சிதைந்த உடல்களோடு நாட்களைக் கழித்தார். பேர்லின் திரும்பியதும், பாதியில் நின்ற ஆய்வைப் பெரும்பாலும் தனியாகவே தொடர்ந்தார். அதன் விளைவுதான் 91ஆவது மூலகமான புரோட்டக்டினியம். 1918இல் வெளிவந்த கட்டுரையில் ஹானின் பெயரே முதலில் இருந்தது. அதை அவரே விரும்பிச் செய்தார். இரசாயனம் ஹானின் துறை, நண்பர் போர்முனையில் இருக்கிறார் என்பது அவருடைய நியாயம்.

அடுத்த பதினைந்து ஆண்டுகள்தான் அவருடைய பொற்காலம். பௌதிகவியல் பிரிவின் தலைவரானார். 1926இல் பேர்லின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ஜேர்மனியில் பௌதிகவியல் பேராசிரியர் பதவி பெற்ற முதல் பெண் அவரே. ஒருவகை இலத்திரன் வெளியேற்றத்தை 1922இலேயே அவர் விவரித்திருந்தார். ஆனால் அடுத்த ஆண்டில் அதைத் தனியாகக் கண்டறிந்த பிரெஞ்சுக்காரரின் பெயரில் அது இன்று ஓஜே விளைவு எனப்படுகிறது. பிரபஞ்சப் பௌதிகம் பற்றி அவர் ஆற்றிய முதல் விரிவுரையைப் பத்திரிகை ஒன்று அழகுசாதனப் பௌதிகம் என்று தவறாக அச்சிட்டதும் இந்தக் காலத்தில்தான். பெண் பேசினால் முகப்பூச்சைப் பற்றித்தான் பேசியிருப்பார் என்று அச்சுக்கோர்த்தவர் நினைத்தாரோ என்னவோ.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். 1908லேயே புரட்டஸ்தாந்து கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்றிருந்தபோதிலும், பாட்டன் பாட்டியின் வம்சத்தைப் பார்த்த புதிய சட்டத்தின் முன் அது எடுபடவில்லை. கற்பிக்கும் உரிமை பறிபோனது. ஒஸ்திரியப் பிரஜை என்பதால் ஆய்வு நிறுவகத்தில் மட்டும் தொடர்ந்து இருக்க முடிந்தது. ஐன்ஸ்டீன் உட்படப் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். அவர் போகவில்லை. கல் கல்லாகக் கட்டிய தன் பிரிவை விட்டுப் போக மனம் வரவில்லை. பிளாங்கும் மற்றவர்களும் இருக்கச் சொன்னார்கள். இந்த முடிவைப் பற்றிப் பின்னர் அவர் என்ன நினைத்தார் என்பதற்குக் கீழே வருகிறேன்.

இதனிடையே ரோமில் என்ரிக்கோ பெர்மி யுரேனியத்தை நியூத்திரன்களால் தாக்கி, யுரேனியத்தை விடக் கனமான புதிய மூலகங்கள் கிடைக்கலாம் என்று அறிவித்திருந்தார். 1934இல் மைட்னர் இதில் ஆர்வம்கொண்டு, அப்போது வேறு வேலைகளில் இருந்த ஹானை மீண்டும் கூட்டு ஆய்வுக்கு அழைத்தார். பிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மன் என்ற இளம் இரசாயனவியலாளரும் சேர்ந்தார். ஸ்ட்ராஸ்மன் நாஜி அமைப்புகளில் சேர மறுத்து, அதனால் தொழில்வாய்ப்புகளை இழந்தவர். ஆகவே இந்த ஆய்வைத் தொடங்கிவைத்தவர் மைட்னர். நான்கு வருடங்கள் மூவரும் ஒன்றாக உழைத்தார்கள்.

1938 மார்ச் மாதத்தில் ஜேர்மனி ஒஸ்திரியாவை விழுங்கியது. ஒரே இரவில் மைட்னரின் பாதுகாப்பு மறைந்தது. அதே நிறுவகத்தில் இருந்த ஒரு நாஜி ஆதரவாளர், இந்த யூதப் பெண் நிறுவகத்துக்கு ஆபத்து என்று பேசத் தொடங்கினார். ஹான் கலங்கிப்போய், நிறுவகத்துக்கு நிதி வழங்கும் தரப்பினரோடு பேசினார். பின்னர் மைட்னரிடம் இனி இங்கே வரவேண்டாம் என்ற கருத்தைச் சொன்னார். முப்பது ஆண்டு நண்பர் தன்னை வெளியே தள்ளிவிட்டார் என்று அவர் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். வெளிநாடு செல்ல அரசிடம் அனுமதி கோரப்பட்டது. மறுத்துவிட்டார்கள். ஒஸ்திரியக் கடவுச்சீட்டு செல்லாது, ஜேர்மன் கடவுச்சீட்டு கிடைக்காது.

நெதர்லாந்தைச் சேர்ந்த பௌதிகவியலாளர் டேர்க் கோஸ்டர் பேர்லினுக்கே வந்தார். எல்லையிலுள்ள டச்சு அதிகாரிகளிடம் முன்கூட்டியே பேசி, அவரை உள்ளே விடுவதற்கு ஒழுங்கு செய்திருந்தார். புறப்படுவதற்கு முந்திய நாள் இரவு எட்டு மணி வரை மைட்னர் ஆய்வுகூடத்தில் இருந்து, இளம் ஆய்வாளர் ஒருவரின் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தார். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது அல்லவா? இரண்டு சிறிய பெட்டிகள், கைப்பையில் 10 மார்க். ஹான் தன் தாயாரின் வைர மோதிரத்தைக் கொடுத்தார், அவசரத்துக்கு உதவும் என்று. அந்த மோதிரத்தையும் மறக்கக்கூடாது. மனிதர்கள் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. 1938 ஜூலை 13ஆம் திகதி ரயிலில் எல்லையைக் கடந்தார். 59 வயதில் அவர் ஓர் அகதி.

சுவீடனின் ஸ்டொக்ஹோமில் மான்னே சீக்பானின் நிறுவகத்தில் இடம் கிடைத்தது. இடம் மட்டும்தான். உதவியாளர் இல்லை, உபகரணம் இல்லை, ஆரம்பநிலை ஆய்வாளரின் சம்பளம். மீண்டும் பழைய விருந்தினர் நிலை. பேர்லினோடு கடிதத் தொடர்பு மட்டும் நின்றுவிடவில்லை. நவம்பரில் ஹான் கோப்பன்ஹேகனுக்கு வந்தபோது இருவரும் இரகசியமாகச் சந்தித்தார்கள். யுரேனியத்திலிருந்து ரேடியம் கிடைப்பதாக ஹானும் ஸ்ட்ராஸ்மனும் நினைத்திருந்தார்கள். பௌதிகவியல்படி அது பொருந்தவில்லை, கவனமாக மறுபரிசோதனை செய்யுங்கள் என்று மைட்னர் வற்புறுத்தினார். அவர்கள் செய்தார்கள். டிசம்பர் 19ஆம் திகதி ஹானிடமிருந்து கடிதம் புறப்பட்டது. அது ரேடியம் அல்ல, பேரியம் போலவே நடந்துகொள்கிறது, இதற்கு ஏதாவது விளக்கம் உண்டா என்று அதில் கேட்டிருந்தார்.

இந்தக் கேள்வியின் கனத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். யுரேனியத்தின் கருவில் 92 புரோத்தன்கள். பேரியத்தில் 56. அதுவரை யாரும் ஓர் அணுக்கருவிலிருந்து ஒன்றிரண்டு துகள்களுக்கு மேல் உடைத்தெடுத்ததில்லை. ஒரு மெதுவான நியூத்திரன் பட்டதும் யுரேனியம் ஏறத்தாழ இரண்டு பாதிகளாகப் பிரியும் என்பது, சிறு கூழாங்கல் பட்டு ஒரு பாறை இரண்டாகப் பிளந்தது என்பதைப் போன்றது.

நத்தார் விடுமுறைக்காக மைட்னர் குங்கெல்வ் என்ற சிறு ஊரில் நண்பர்களிடம் போயிருந்தார். அவருடைய மருமகனும் பௌதிகவியலாளருமான ஒட்டோ ரொபர்ட் பிரிஷ் அங்கே வந்து சேர்ந்தார். பிரிஷ் தன் ஆய்வைப் பற்றிப் பேச ஆசைப்பட்டார். மாமியோ கடிதத்தை நீட்டினார். ஹான் தவறு விட்டிருப்பார் என்றார் பிரிஷ். ஹான் அப்படித் தவறு விடக்கூடிய இரசாயனவியலாளர் அல்லர் என்றார் மைட்னர். இருவரும் பனியில் நடந்தார்கள். பிரிஷ் பனிச்சறுக்குக் கட்டைகளோடு, மைட்னர் கால்நடையாக. ஒரு மரக்குற்றியில் அமர்ந்து, கிடைத்த தாள்துண்டில் கணக்குப் போட்டார்கள்.

தாமரை இலையில் ஒரு பெரிய நீர்த்துளியை நினைத்துக்கொள்ளுங்கள். மேற்பரப்பு இழுவிசை அதை உருண்டையாக வைத்திருக்கிறது. அணுக்கருவும் ஒரு துளி போன்றது என்று நீல்ஸ் போர் அந்நாட்களில் விளக்கி வந்தார். யுரேனியக் கருவில் 92 நேரேற்றங்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. அந்தத் தள்ளுவிசை, துளியைக் கட்டிவைத்திருக்கும் இழுவிசையை ஏறத்தாழ ஈடுசெய்துவிடுகிறது. அதனால் அது எப்போதும் தளம்பும் ஒரு துளி. ஒரு நியூத்திரன் நுழைந்தால் துளி நீளும், நடுவில் இடுங்கும், இரண்டாகப் பிரியும். பிரிந்த இரண்டும் ஒன்றையொன்று பெரும் வேகத்தில் தள்ளிக்கொள்ளும். அந்தச் சக்தி ஏறத்தாழ 200 மில்லியன் இலத்திரன்வோல்ட் என்று கணக்கு வந்தது. அவ்வளவு சக்தி எங்கிருந்து வரும்? அணுக்கருக்களின் திணிவைக் கணிக்கும் சூத்திரம் மைட்னருக்கு மனப்பாடம். பிளவுண்ட இரண்டு கருக்களின் திணிவையும் கூட்டினால், மூலக் கருவை விட ஒரு புரோத்தனின் திணிவில் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. 1909இல் சால்ஸ்பேர்க்கில் ஐன்ஸ்டீனின் விரிவுரையில் நேரில் கேட்ட சமன்பாட்டை, 29 ஆண்டுகளுக்குப் பின் பனிக்காட்டில் பயன்படுத்தினார். மறைந்த திணிவைச் சக்தியாக மாற்றினால் அதே 200 மில்லியன். இரண்டு கணக்கும் பொருந்தின.

பிரிஷ் கோப்பன்ஹேகன் திரும்பிச் சொன்னதும், இவ்வளவு காலமும் இதைக் காணாமல் இருந்தோமே என்று போர் நெற்றியில் அடித்துக்கொண்டார். உயிர்க்கலம் பிரிவதைக் குறிக்கும் சொல்லைப் பிரிஷ் ஓர் உயிரியலாளரிடம் கேட்டு எடுத்து, அணுக்கருப் பிளவு என்று பெயர் வைத்தார்.

பிரச்சினை இங்கேதான். நாஜி ஜேர்மனியில், தப்பியோடிய ஒரு யூதப் பெண்ணின் பெயரை ஆய்வுக் கட்டுரையில் சேர்க்க முடியாது. ஆகவே ஒரே ஆய்வு இரண்டாக அச்சேறியது. பேரியம் கிடைத்த செய்தி ஹான், ஸ்ட்ராஸ்மன் பெயர்களில் 1939 ஜனவரி 6ஆம் திகதி ஜேர்மன் இதழில் வந்தது. அதன் அர்த்தம் என்ன என்ற விளக்கம் மைட்னர், பிரிஷ் பெயர்களில் பெப்ரவரி 11ஆம் திகதி நேச்சர் இதழில் வந்தது. அரசியல் போட்ட அந்தக் கோட்டை, அறிவின் எல்லைக்கோடு என்று பிற்பாடு உலகம் எடுத்துக்கொண்டது. ஹானும் அப்படியே பேசத் தொடங்கினார். ஆரம்பத்தில் அது அச்சத்தால் இருந்திருக்கலாம். போர் முடிந்து அச்சம் நீங்கிய பின்னரும், இது இரசாயனத்தின் கண்டுபிடிப்பு, பௌதிகவியலுக்கு இதில் பங்கில்லை என்ற நிலைப்பாட்டிலிருந்து அவர் மாறவில்லை. மோதிரம் கொடுத்தவரால் ஒரு வாக்கியம் கொடுக்க முடியவில்லை.

1943இல் அணுகுண்டுத் திட்டத்தில் சேர மைட்னருக்கு அழைப்பு வந்தது. வசதியான ஆய்வுகூடம், பழைய நண்பர்கள், ஸ்டொக்ஹோம் தனிமையிலிருந்து விடுதலை எல்லாம் அதில் இருந்தன. பிரிஷ் போனார். மைட்னர் மறுத்தார், குண்டோடு தனக்கு எந்தச் சம்பந்தமும் வேண்டாம் என்று. 1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி ஹிரோஷிமா அழிந்த செய்தி சுவீடனின் ஒரு கிராமப்புறத்தில் இருந்த அவரை வந்தடைந்தது. பத்திரிகையாளர்கள் சூழ்ந்துகொண்டு, குண்டின் தாய் என்று எழுதினார்கள். குண்டைத் தொட மறுத்தவருக்கு அந்தப் பட்டம். மறுபுறம், அதே ஆண்டு நவம்பரில் 1944ஆம் ஆண்டுக்கான இரசாயனவியல் நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் அறிவிக்கப்பட்டது. அவசரப்பட வேண்டாம் என்று குழு சொல்லியும் சுவீடன் அக்கடமி வாக்கெடுத்து அதைத் தீர்மானித்தது. மைட்னரின் பெயர் தன் வாழ்நாளில் நாற்பதுக்கும் அதிகமான தடவைகள் அந்தப் பரிசுக்கு முன்மொழியப்பட்டது. ஒருமுறையும் கிடைக்கவில்லை. 1946 டிசம்பரில் ஹான் பரிசு வாங்க ஸ்டொக்ஹோம் வந்தபோது மைட்னர் அங்கேயே இருந்தார். ஹான் பரிசுப் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தார். அவர் அதை ஐன்ஸ்டீன் தலைமை வகித்த அணு விஞ்ஞானிகளின் அவசரக் குழுவுக்கு அனுப்பிவிட்டார்.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைப்பது பரிசு அல்ல. 1945 ஜூன் மாதத்தில், வதை முகாம்களின் செய்திகள் வெளிவந்த நாட்களில், அவர் ஹானுக்கு ஒரு கடிதம் எழுதினார். நீங்கள் எல்லோரும் நாஜி ஜேர்மனிக்காக வேலை செய்தீர்கள், எதிர்ப்பைக் கூட முணுமுணுப்பாகவே வைத்துக்கொண்டீர்கள், ஒடுக்கப்பட்ட சிலருக்கு உதவியதால் உங்கள் மனச்சாட்சி ஆறிவிட்டது, கோடிக்கணக்கானோரின் அழிவைத் தடுக்கவில்லை என்ற பொருளில் அது அமைந்திருந்தது. அதில் அவர் தன்னையும் விட்டுவைக்கவில்லை. 1933லேயே வெளியேறாதது முட்டாள்தனம் மட்டுமல்ல, பெரும் பிழையும்கூட என்று பின்னாளில் அவர் ஒப்புக்கொண்டார். தான் இருந்ததே அந்த ஆட்சிக்கு ஒரு வகையில் கைகொடுத்தது என்று நினைத்தார். பாதிக்கப்பட்டவர் தன்னைத் தானே விசாரித்துக்கொள்வது அபூர்வம். அந்தக் கடிதம் ஹானின் கைக்குப் போய்ச் சேரவில்லை.

போருக்குப் பின் ஸ்ட்ராஸ்மன் அவரை மைன்ஸ் நகருக்கு, பழைய நிறுவகத்துக்கே பொறுப்பாக வருமாறு அழைத்தார். அவர் போகவில்லை. ஹானோடு நட்பை முறிக்கவும் இல்லை. பிறந்தநாட்களுக்குக் கடிதங்கள் போய் வந்தன. அவரை நாயகியாக்க நினைத்த ஹொலிவூட் படக் கதையைப் படித்து, பொய் மூட்டை என்று மறுத்தார். 1960இல் பிரிஷின் குடும்பத்துக்கு அருகில் வாழ கேம்பிரிட்ஜ் வந்தார். 1966இல் அமெரிக்காவின் பெர்மி விருது ஹான், மைட்னர், ஸ்ட்ராஸ்மன் மூவருக்கும் ஒன்றாக வழங்கப்பட்டது. பயணம் செய்ய உடல் இடம்கொடுக்காததால் விருதை கேம்பிரிட்ஜுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

1968 ஜூலையில் ஹான் இறந்தார். நலிந்திருந்த மைட்னரிடம் குடும்பத்தினர் அதைச் சொல்லவில்லை. ஒக்டோபர் 27ஆம் திகதி, தொண்ணூறு வயது நிறைவடையச் சில நாட்கள் இருக்கையில், அவரும் மறைந்தார். இங்கிலாந்தின் பிராம்லி கிராமத்தில், தன் இளைய சகோதரரின் அடக்கத்தலத்துக்கு அருகில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

105ஆவது மூலகத்துக்கு ஹானின் பெயரை வைத்து ஹானியம் என்று அமெரிக்க விஞ்ஞானிகள் நீண்ட காலம் அழைத்து வந்தார்கள். 1997இல் சர்வதேச இரசாயனவியல் சங்கம் இறுதிப் பட்டியலை வெளியிட்டபோது, 105க்கு டுப்னியம் என்ற பெயர் வந்தது. 109ஆவது மூலகத்தின் பெயர் மைட்னேரியம்.